இரண்டடி நீலம்

சனிக்கிழமை. ஆண்டு மூன்று வகுப்பறை.
மத்தியஸ்த சபையின் மூன்று பேரும்
சின்னக் கதிரைகளில் முழங்கால் மடக்கி இருக்கிறார்கள்.
கரும்பலகையில் யாரோ அழிக்க மறந்த ஏழாம் வாய்ப்பாடு.
அதற்குக் கீழே, சோக்குத்தூள் படிய,
சாத்தி வைத்திருக்கிறது என் படம்.

நாலடிக்கு மூன்றடி. அக்ரிலிக்.
'டிப்போச் சந்திக்குப் பின்னால், மாலை நாலரை.'
கிளிநொச்சியில் நான் விற்ற ஒரே படம்.
வாங்கிய தயாளசிங்கம் அதை ஹாட்வெயார்க் கடையிலிருந்து
போர்வை சுற்றி, பட்டா லொறியில் ஏற்றி வந்திருக்கிறார்,
சாட்சியாக.

"பாருங்கோ ஐயா, மதில் எங்கை நிக்குது?
வேம்புக்கு அங்காலை.
இப்ப எங்கை நிக்குது? இஞ்சாலை.
இரண்டடி. இரவோடிரவா திண்டிட்டான்."

போன்கடை றெஜினோல்ட்
தன் கைப்பேசிக்குள் ஏதோ பழைய படம் தேடுகிறான்.
பற்றரி ஐந்து வீதம்.

கண்டி வீதியில் நின்று பார்த்தால் இது நகரம்:
கண்ணாடி வங்கி, நகை அடகு, லீசிங், திரும்பவும் வங்கி.
ஓர் ஒழுங்கைக்குள் முப்பது அடி வைத்தால்
நகரத்தின் முதுகு.
பூசாத சீமெந்துக் கல்.
சன்னம் துளைத்த தகரம் மடித்த கோழிக்கூடு.
ஏசி பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீரில்
தானாக முளைத்த பப்பாசி.
நான் முன்பக்கம் வரைவதில்லை.

கொழும்பில் காட்சி வைத்தபோது
கையில் வைன் கிளாஸோடு ஒருவர் கேட்டார்,
இதில் யுத்தம் எங்கே என்று.
யாழ்ப்பாணத்தில் ஒரே சொல்தான்: எவடம்?
கிளிநொச்சி.
"அது சரி. சொந்த இடம் எவடம்?"

எழுபத்தேழில் நாவலப்பிட்டிப் பக்கத்து லயமொன்றிலிருந்து
ஒரு தகரப்பெட்டியோடு வந்திறங்கினார் அப்பா.
மலையாளபுரத்தில் காடு வெட்டினார்.
காடு தோட்டமானது, தோட்டத்தில் பதுங்குகுழி,
பதுங்குகுழி இப்போது கோடையிலும் ஈரம் காயாத பள்ளம்.
பெர்மிட் வரவில்லை.
மூன்று காணிக் கச்சேரி, மூன்று கோப்பு,
'பரிசீலனையில்' என்ற முத்திரை.
அந்த ஊதாவை மட்டும்
முதல் தரத்திலேயே சரியாகக் கலப்பேன்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார்.
"பிள்ளை, நீர் கண்டதைத்தானே வரைஞ்சனீர்?"

கண்டது இது.
மதில் வேம்புக்கு இந்தப் பக்கம்தான் நின்றது.
அதன் மேலால் எட்டிப் பார்த்தேன்.
வேம்பின் கீழே ஒரு நீலத் தறப்பாள்,
முகாமில் எங்கள் தலைக்குமேல் இருந்த அதே நீலம்.
அதில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.
அவ்வளவு சிவப்பு. அவ்வளவு நீலம்.
குந்தியிருந்து வரைந்தால் மதில் மறைத்தது.
மதிலைத் தள்ளினேன்.
ஒரு தூரிகை அகலம்.
நில அளவைக்காரர் இல்லாமல்,
கிராம சேவகரின் கடிதம் இல்லாமல்
என்னால் நகர்த்த முடிந்த ஒரே எல்லை.

"மதில் பொய், ஐயா" என்றேன்.

"பொய்யையோ நான்
பதினெண்ணாயிரம் குடுத்து வாங்கினனான்?"
தயாளசிங்கம் எழும்பிவிட்டார். கதிரையும் கூடவே எழும்பியது.
பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள்.
றெஜினோல்ட் தலை நிமிராமல் சொன்னான்:
"மிளகாய் எங்கடை. மனுசி காயப்போட்டது.
அது உண்மை."
எழுதுகிறவர் அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு தாளை என் பக்கம் திருப்பினார்.
பெயர். தற்காலிக முகவரி. நிரந்தர முகவரி. ஒப்பம்.
இரண்டு முகவரிக் கோட்டிலும்
ஒரே வீட்டை எழுதினேன்.
இரண்டாவதை எழுதும்போது பேனை கீறியது,
தாளின் கீழ் மேசை சரியில்லை.

படத்தைத் திரும்பப் போர்வைக்குள் சுற்றினார்கள்.
கீழ்விளிம்பு முழுக்கச் சோக்குத்தூள்,
நான் பூசாத வெள்ளை.
தயாளசிங்கம் கைலேஞ்சியை எடுத்தார்.
துடைக்க வேண்டாம் என்றேன்.